மரியந்தாலின் வேலையற்ற நாட்கள்

வியன்னா நகரத்துக்குச் சமீபத்தில், ஃபிஷா என்னும் சிற்றாற்றின் கரையில், கிராமட்நாய்சீடில் என்ற ஊரை ஒட்டினாற்போல் மரியந்தால் இருக்கிறது. 1830-ஆம் ஆண்டில் ஹெர்மன் டோடெஸ்கோ என்னும் செல்வந்தர் அங்கே ஒரு நூற்பாலையை நிறுவினார். அதன் பிறகு அவ்வூரின் சரித்திரமே அந்த ஆலையின் சரித்திரமாயிற்று. பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் ஜீவனம் தேடி வந்த குடும்பங்கள் ஆலை கட்டித் தந்த வீடுகளில் குடியேறி, ஆலைக் கூலியில் பிள்ளைகளை வளர்த்து, அப்பிள்ளைகளையும் அதே ஆலைக்கு அனுப்பி, மூன்று நான்கு தலைமுறைகள் அங்கேயே வேரூன்றிவிட்டன. உழைத்துக் களைத்த ஜனங்கள்தாம் என்றாலும், வேலை முடிந்தபின் நாடகம் போடவும், பந்து விளையாடவும், தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் வாங்கிப் படிக்கவும், அரசியல் பேசி விடிய விடிய வாதிக்கவும் அவர்களுக்கு உற்சாகம் மிச்சமிருந்தது.

1929-ஆம் வருஷத்தின் மத்தியில் நூற்புப் பிரிவு மூடப்பட்டது. அதை அடுத்துத் துணியச்சுப் பகுதியும், பிறகு சலவைப் பகுதியும் நின்றன. 1930 பிப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன. ஆலையை விற்றுத் தீர்ப்பதற்காகக் கட்டடங்களை இடித்து யந்திரங்களைப் பெயர்த்தெடுக்கும் வேலையில் சுமார் அறுபது பேர் சில மாதங்கள் அமர்த்தப்பட்டார்கள். தங்களுக்குச் சோறு போட்ட இடத்தைத் தங்கள் கையாலேயே இடித்துக் கூலி வாங்கும்படி நேர்ந்த அந்த அறுபது பேரின் மனோநிலையை எண்ணிப் பார்க்கிறபோது நெஞ்சு கனக்கிறது. 478 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட குடும்பங்களில் வேலையிலுள்ளவர் ஒருவர்கூட இல்லாமற்போயிற்று.

அரசாங்கம் உதவித்தொகை கொடுக்காமல் இல்லை. ஆனால் அது சில மாதங்களுக்கே உரியது. அதன்பின் அதனினும் குறைந்த அவசர உதவி. அதுவும் தீர்ந்தபின் ஒன்றுமில்லை. உதவி பெறுகிறவர் எங்கேனும் சிறு வேலை செய்ததாகத் தெரிந்தால் உள்ளதும் பறிபோகும். மரம் வெட்ட ஒத்தாசை செய்து கூலியாக விறகு பெற்ற ஒருவருக்கும், வீடுகளுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துத் தன் குழந்தைகளுக்குக் கொஞ்சம் பால் பெற்ற ஒரு தாய்க்கும் உதவி நிறுத்தப்பட்டது. இந்தச் சட்டத்தின் கொடுமை பசியோடு முடிந்துவிடவில்லை. அண்டை வீட்டான் மறைவாய் ஏதோ சம்பாதிக்கிறான் என்று பெயரிடாமல் எழுதும் புகார்க் கடிதங்கள் பெருகின, அவற்றில் பொய்ப் புகார்களும் பெருகின. ஒரே தறிக்கூடத்தில் தோளோடு தோள் நின்றவர்களைப் பகைவராக்குவதற்கு வேறு உபாயம் தேவைப்படவில்லை.

இவ்வளவு விவரங்களும் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய இளம் ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 1931-ஆம் வருஷக் கடைசியில் அவ்வூருக்குச் சென்றதே. தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எவ்விதம் கழிக்கிறார்கள் என்று ஆராயத்தான் லாசர்ஸ்ஃபெல்ட் முதலில் எண்ணியிருந்தார்; தேசம் முழுவதும் வேலையின்றித் தவிக்கும்போது ஓய்வைப் பற்றியா ஆராய்ச்சி என்று ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பவர் கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள். வேடிக்கை பார்க்கிறவராக ஒருவரும் அங்கே போகக்கூடாது, ஊருக்கு ஏதேனும் ஓர் உபகாரம் செய்துகொண்டேதான் ஆராய வேண்டும் என்று அவர்கள் விதித்துக்கொண்ட நியமம் என்றைக்கும் போற்றத் தக்கது. வியன்னாவில் பழைய ஆடைகள் சேகரித்து வந்து கொடுத்தார்கள். இலவச வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பெண்களுக்குத் துணி வெட்டக் கற்பித்தார்கள். அந்தச் சிநேகத்தின் வழியாகத்தான் வீட்டுக் கதவுகள் அவர்களுக்குத் திறந்தன.

அவர்கள் கண்டவற்றுள் என் மனத்தை மிகவும் வருத்துவது, காலத்தைப் பற்றியது. பிரதான வீதியில் போகிறவர்களை மறைவிடத்திலிருந்து கவனித்தபோது, ஆண்களில் மூவரில் இருவர் அந்தச் சிறு தூரத்துக்குள் இரண்டு முறையேனும் நின்று நின்று நடந்தார்கள். நிற்காமல் நடந்தவர் பத்தில் ஒருவரே. போவதற்கு ஓரிடம் இல்லாதவனுக்கு விரைவதற்குக் காரணம் ஏது? அநேகர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னால், காலையில் எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது, உணவு, உறக்கம் என்ற சில குறிகளுக்கு மேல் எழுதுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. செய்ய ஒரு காரியமும் இல்லாதவர்கள் மத்தியான உணவுக்கு நேரம் தப்பி வந்தார்கள் என்று மனைவிமார் குறைபட்டதைப் படிக்கும்போது, மனிதனுக்குப் பொழுது என்பது வேலையை ஆதாரமாகக் கொண்டே உருவம் பெறுகிறது என்பது விளங்குகிறது.

பெண்களின் ஸ்திதி வேறு. கூலி வேலை போயிற்றே ஒழிய, அடுப்பும், தையலும், பற்றாக்குறைப் பணத்தைப் பதினான்கு நாட்களுக்கு நீட்டும் கணக்கும் அவர்களை விட்டுப் போகவில்லை. ஆகவே அவர்கள் நடை தளரவில்லை, நாளின் ஒழுங்கும் கெடவில்லை. ஆயினும் அவர்களிற் பலர் ஆலை திறந்தால் மறுபடியும் போகவே விரும்பினார்கள்; பணத்துக்காக மட்டும் அன்று, நாலு சுவர்களுக்கு வெளியே நாலு பேரோடு கூடியிருப்பதற்காகவும்.

ஓய்வு கிடைத்தால் ஏழைகள் அறிவை வளர்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பவர்கள் அந்த நூலகத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். கட்டணத்தை நீக்கிய பின்னும், 1929-க்கும் 1931-க்கும் இடையே புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. முன்பு ஒரு பிரபுவின் மாளிகையைச் சேர்ந்திருந்த அழகிய பூங்கா ஊராருடைய பெருமையாயிருந்தது. இப்போது ஊர் முழுவதற்கும் நேரம் இருந்தும், அதன் பாதைகளில் புல் மண்டியது, கவனிப்பாரில்லை.

ஆடை உதவி பெற்ற நூறு குடும்பங்களை ஆராய்ச்சியாளர்கள் நான்கு வகையாகப் பகுத்தார்கள். மனம் உடையாமல் எதிர்காலத்துக்குத் திட்டமிட்டவை 16. ஒன்றையும் எதிர்பாராமல், ஆனால் வீட்டையும் பிள்ளைகளையும் ஒழுங்காகப் பேணி அமைந்துவிட்டவை 48. வீட்டை ஒழுங்காக வைத்திருந்தும் உள்ளுக்குள் நிராசையில் மூழ்கியவை 11. எல்லாவற்றையும் கைவிட்டவை 25. பிறகு அவர்கள் வருமானத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடையாத குடும்பங்களில் வயது வந்த ஒருவருக்கு மாதம் சராசரி 34 ஷில்லிங், அமைந்துவிட்டவற்றில் 30, நிராசையுற்றவற்றில் 25, கைவிட்டவற்றில் 19. தைரியம் என்றும் குணம் என்றும் நாம் புகழ்கிறதற்கும், சோம்பல் என்று இகழ்கிறதற்கும் நடுவில் இருந்தது பதினைந்து ஷில்லிங்! வேலையிழந்தவனிடம் மனத்தைத் தளரவிடாதே என்று உபதேசிப்பவர்கள், அந்த உபதேசத்தோடு என்ன கொடுத்தோம் என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இந்தச் சரித்திரத்தில் நான் வற்புறுத்த விரும்புவது.

சமாளிப்பதற்கு அவர்கள் செய்த பிரயத்தனங்கள் எளியவை. சிறு தோட்டத் துண்டுகளில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிட்டார்கள், முயல் வளர்த்தார்கள், மாட்டிறைச்சிக்குப் பதில் குதிரை இறைச்சி வாங்கினார்கள், பூனைகளும் நாய்களும் காணாமற்போனால் ஒருவரும் விசாரிப்பதில்லை. உதவித்தொகை வருவதற்கு முந்திய நாள் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவந்த ரொட்டி வெறும் ரொட்டியாயிருந்தது, அல்லது அதுவும் இல்லை; மறுநாளோ அதே பிள்ளைகள் நல்ல உணவோடு வந்தார்கள். கிழங்கு போட வேண்டிய மண்ணில் ரோஜாவும் டூலிப் மலரும் வளர்த்தவர்களும் இருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது, வயிற்றுக்கு மட்டும் போட்டால் போதுமா, மனத்துக்கும் ஏதாவது வேண்டாமா என்ற கருத்தில் பதில் வந்தது. இதை விரயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இவ்வாராய்ச்சி 1933-இல் நூலாக வெளிவந்தபோது ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்துவிட்டது; ஆசிரியர்கள் யூதர்களாகையால் அவர்கள் பெயர் மேலட்டையில் இடம் பெறவில்லை. யஹோடா 1936-இல் சிறைப்பட்டு, மறு வருஷம் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் விடுதலையாகி இங்கிலாந்து சேர்ந்தார். வேலை என்பது கூலியோடுகூட, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், குடும்பத்துக்கு வெளியே உறவையும், பொதுக் காரியத்தில் பங்கையும், சமூகத்தில் ஓர் இடத்தையும், இடைவிடாத செயலையும் தருகிறது என்று பிற்காலத்தில் அவர் விரித்துரைத்த சித்தாந்தத்துக்கு மரியந்தாலே அஸ்திவாரம்.

2020-ஆம் வருஷம் அக்டோபரில் அதே கிராமட்நாய்சீடிலில், கீழ் ஆஸ்திரியாவின் வேலைவாய்ப்பு நிறுவனம் ஒரு வருஷத்துக்கு மேல் வேலையின்றி இருந்த ஒவ்வொருவருக்கும், விரும்பினால் ஏற்கலாம் என்ற முறையில், உரிய சம்பளத்தோடு வேலை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சில வாரப் பயிற்சி. பிறகு மரவேலை, கட்டடங்களைப் புதுப்பித்தல், பொது இடங்களைப் பராமரித்தல் போன்ற பணிகள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அதன் விளைவை அளந்தபோது, வருமானத்தோடுகூட, யஹோடா வகுத்த நாளின் ஒழுங்கையும் மனித உறவையும் சேர்த்தே அளந்தார்கள்; வேலை பெற்றவர்களிடத்தில் இவை யாவும் உயர்ந்திருந்தன.