அறுகும் கோல்ஃப் திடலும்

எண்ணூர் என்றவுடன் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளையும் சாம்பல் படிந்த கழியையும் மட்டுமே நினைக்கும் இக்காலத்தவருக்கு, அதே கழிக்கரையில் கும்பினி உத்தியோகஸ்தர்கள் பங்களா கட்டிக்கொண்டு, படகு விட்டு உல்லாசமாகப் பொழுது போக்கினார்கள் என்பது விசித்திரமாகவே தோன்றும். ஆயினும் 1884-இல் ஜிம்கானா கிளப் ஸ்தாபிதமான பின்னர் சென்னையில் கோல்ஃப் ஆட்டம் நிலைகொண்டது வடக்கே அன்று; கிண்டிக் குதிரைப்பந்தயத் திடலுக்குள்ளேதான். துறைமுகமும் உப்பளமும் ஆலையும் நெருங்கி நின்ற ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்தில் அவ்வளவு நிலத்தைப் புல்லுக்கென்று யார் ஒதுக்குவார்கள்?

இவ்வாட்டத்தில் பந்து சென்று விழவேண்டிய குழியைச் சுற்றியிருக்கும் 'கிரீன்' என்னும் மெல்லிய புல்தரைதான் தோட்டக்காரரின் பிராண சங்கடம். ஸ்காட்லாந்தின் குளிருக்குப் பழகிய புல் நம் வெயிலில் பிழைப்பதில்லை. ஆகையால் இந்நாட்டுத் திடல்கள் பலவற்றில் நெடுங்காலம் புல்லே இல்லாமல், எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, அதற்கு 'பிரவுன்' என்று பெயரிட்டு ஆடிவந்தார்கள்.

இக்கஷ்டத்திற்குப் பரிகாரம் விநாயகருக்குச் சாத்தும் அறுகின் வம்சத்திலிருந்தே வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில், கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவினமொன்றையும் கலந்து 1956-இல் 'டிஃப்கிரீன்' என்ற புல்லை வெளியிட்டார். அதிலிருந்து தோன்றிய 'டிஃப்டுவார்ஃப்' 1965-இல் வந்து, வெப்பதேசங்கள் எங்கும் பரவியது. அதே பர்ட்டன் உருவாக்கிய ஆண்மலட்டுக் கம்பை ஒரு பெற்றோராகக் கொண்டுதான், அதே 1965-இல், இந்தியாவின் முதல் வீரியக் கம்பு ரகம் வெளிவந்தது; கனவான்களின் விளையாட்டுக்கும் ஏழையின் கூழுக்கும் ஒரே மனிதரின் உழைப்பு உதவிய இச்செய்தியைக் கிளப்புகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இக்கலப்புப் புல் விதை தருவதில்லை. ஆகவே பழுதுற்ற கிரீனைப் புதுப்பிக்கும்போது, நைந்த பழைய புல்லையும் அடியில் படிந்த மக்கையும் சுரண்டி எடுத்துவிட்டு, வடிகுழாய்க்கு மேல் சுமார் 10 சென்டிமீட்டர் சரளையும், அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மணலும் இட்டு மட்டம் பார்த்து, கணுவுள்ள தண்டுத் துண்டுகளை அடர்த்தியாகப் பரப்பி, மணல் தூவி உருளையால் அமுக்கி, வேர் பிடிக்கும்வரை ஈரம் காயாமல் காக்கவேண்டும். டில்லியில் பனிக்காலத்தில் அறுகு உறங்கிவிடுவதால் மேலே வேறு குளிர்ப்புல் விதைப்பதுண்டு. சென்னைக்கு அந்தத் தொல்லை இல்லை. மணலில் சத்து தங்காது என்பதால் உரத்தை அடிக்கடி சிறுகச் சிறுக இடவேண்டும்.

மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வளரவிடாமல் தினமும் வெட்டப்படும் இப்புல்லுக்கிடையே, பக்கிங்காம் கால்வாய்க் கரையின் உப்பு மண்ணிலும் தானே தழைக்கும் நாட்டு அறுகு நுழைந்துவிட்டால், அதன் நிறமும் இலையகலமும் மாறுபட்டுப் பந்தின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதற்காகத் தோட்டக்காரர்கள் கத்தி முனையால் அதைக் கிழங்கோடு தோண்டி எடுத்து எறிகிறார்கள்.