தப்பிப் பிழைத்த அரசி

இங்கிலாந்து நாட்டு மன்னன் எட்டாம் ஹென்றியைப் பற்றிப் படித்த மாணவர்களுக்கு அவனுடைய ஆறு மனைவியரின் கதையும் நினைவிலிருக்கும். இருவரை அவன் விலக்கி வைத்தான். இருவருடைய தலையை வெட்டுவித்தான். ஒருத்தி ஆண்மகவு ஈன்ற பன்னிரண்டாம் நாள் இறந்தாள். ஆறாமவள் ஒருத்திதான் மன்னன் கண்மூடும் வரையில் அரசியாகவே இருந்து, அவனுக்குப் பின்னும் உயிர் வாழ்ந்தாள். அவள் பெயர் காதரின் பார்.

அவளுடைய கதையை 'ஃபயர்பிராண்ட்' என்ற திரைப்படம் காட்டுகிறது. 'கொள்ளிக்கட்டை' என்பது அப்பெயரின் பொருள். எலிசபெத் ஃப்ரீமாண்டில் எழுதிய நாவலைத் தழுவிய இப்படம் 2023-ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பிரேசில் நாட்டவரான கரீம் ஐனூஸ் இயக்கினார். அலிசியா விகாண்டர் அரசியாகவும் ஜூட் லா மன்னனாகவும் நடித்தனர். படத்தின் முடிவில் நோயுற்ற மன்னனை அரசியே தன் கையால் கொன்றுவிடுகிறாள். கொடுங்கோலன் வீழ்ந்தான் என்று பார்ப்பவர் மனம் ஆறுதல் அடைகிறது. ஆனால் சரித்திரத்தில் நடந்தது வேறு. 1547 ஜனவரி 28-ஆம் நாள் ஹென்றி நோயினால் இறந்தான். அரசி அவனைக் கொல்லவில்லை. அப்படியானால் அவள் எந்தப் படைக்கலத்தைக் கொண்டு தன் உயிரைக் காத்துக்கொண்டாள்? இதுவே நாம் இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

அந்நாளைய நிலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1534-ஆம் ஆண்டில் ஹென்றி ரோமாபுரித் திருச்சபையோடு உறவை அறுத்துக்கொண்டு, தானே ஆங்கிலத் திருச்சபையின் தலைவனானான். அதே ஆண்டில் இயற்றப்பட்ட ராஜத்துரோகச் சட்டம், மன்னனைக் கொடுங்கோலன் என்று வாயால் சொல்வதையும் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கொடுங்கோன்மையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. 1543-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வந்தது. எளிய குடிப் பெண்கள் ஆங்கில மொழியில் பைபிளைப் படிக்கலாகாது. உயர்குடிப் பெண்கள் தனிமையில் தமக்குள் படிக்கலாம், பிறருக்குப் படித்துக் காட்டலாகாது என்று அது விதித்தது.

அந்த 1543-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காதரின் பாரை மன்னன் மணந்தான். அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. காலில் ஆறாப் புண். உடம்பெல்லாம் பருத்து, நினைத்த மாத்திரத்தில் சினம் பொங்கும் இயல்பு. அவளோ ஏற்கெனவே இரு கணவரை இழந்தவள். வயது முப்பதைக் கடந்தவள். அவளுக்கு முன்னிருந்த அரசி காதரின் ஹவர்டின் தலை உருண்டு ஓராண்டும் சில மாதங்களுமே ஆகியிருந்தன. அரியணைக்கும் கொலைக்களத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அவள் அறியாதவள் அல்லள்.

ஆயினும் காதரின் அஞ்சி ஒடுங்கி வாழவில்லை. 1544-ஆம் ஆண்டில் மன்னன் படையோடு பிரான்சுக்குச் சென்றபோது நாட்டை ஆளும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்தான். ஏறத்தாழ மூன்று மாத காலம் அவள் ஆலோசனைச் சபையை நடத்தினாள், ஆணைகளில் ஒப்பமிட்டாள். 1545-ஆம் ஆண்டில் வழிபாட்டு நூலொன்றைத் தன் பெயராலேயே அச்சிட்டு வெளியிட்டாள். ஆங்கில அரசி ஒருத்தி தன் பெயருடன் வெளியிட்ட முதல் நூல் அதுவே. அவளது அறையில் பெருமாட்டிகள் கூடிச் சமய நூல்களைப் படித்தனர். சீர்திருத்தக் கொள்கைகளைப் பற்றி உரையாடினர். மன்னனோடும் அவள் துணிந்து சமய வாதம் புரிந்தாள்.

இது பழைமையை விரும்பியவர்களுக்குப் பொறுக்கவில்லை. வின்செஸ்டர் பிஷப் கார்டினரும் அரசின் சான்சலரான ரைத்ஸ்லியும் அரசியை வீழ்த்த வழி தேடினர். 1546-ஆம் ஆண்டு கோடையில் அவர்கள் கையில் ஒரு பெண் அகப்பட்டாள். லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஆன் ஆஸ்க்யூ என்பவள் அவள்; வயது இருபத்தைந்து. வழிபாட்டில் படைக்கும் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பதை அவள் ஏற்க மறுத்தாள். மரணதண்டனை விதித்த பிறகும் அவளை லண்டன் கோபுரச் சிறைக்குக் கொண்டுசென்று, கைகால்களைக் கட்டி இழுக்கும் பொறியில் கிடத்தினர். அரசியைச் சூழ்ந்திருந்த பெருமாட்டிகளுள் உன் கொள்கையினர் யார் என்று கேட்டனர். சிறைத் தலைவனே மேலும் வதைக்க மறுத்துவிட்டான். சான்சலரும் அவனுடைய துணைவன் ரிச்சர்டு ரிச்சும் தம் கைகளாலேயே பொறியைத் திருகினர். அவள் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எலும்புகள் நிலைகுலைந்து நடக்க இயலாத அவளை நாற்காலியில் சுமந்து சென்று, ஜூலை 16-ஆம் நாள் ஸ்மித்ஃபீல்டு திடலில் உயிரோடு எரித்தனர்.

அடுத்து நடந்ததை, சமயத்துக்காக உயிர்நீத்தோரின் வரலாற்றைத் தொகுத்த ஜான் ஃபாக்ஸ் தம் நூலின் 1570-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதுகிறார். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து எழுதிய இக்கதையை எழுத்துக்கு எழுத்து நம்பலாகாது என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உண்டு. அவர் சொல்வது இது. அரசியின் வாதத்தால் எரிச்சலுற்ற மன்னன், அவளைக் கைது செய்வதற்கான பத்திரத்தில் ஒப்பமிட்டுவிட்டான். அப்பத்திரம் கைதவறிக் கீழே விழுந்து, அரசியிடம் வந்து சேர்ந்தது. அவள் நடுங்கி நோயுற்றாள். பின்னர் மனந்தேறி, இரவில் மன்னனுடைய அறைக்குச் சென்றாள். அவன் வேண்டுமென்றே பேச்சைச் சமயத்தின் பக்கம் திருப்பினான். அவளோ, தான் பெண் என்றும், எதிலும் மன்னனுடைய அறிவையே நாடுவதாகவும் பணிந்து கூறினாள். மன்னன் ஐயம் தீராமல் மீண்டும் கேட்டான். கால்வலியை அவன் சற்றே மறக்கட்டும் என்பதற்காகவும், அவன் விடையிலிருந்து தான் கற்றுக்கொள்வதற்காகவுமே வாதாடியதாக அவள் மறுமொழி பகர்ந்தாள். மன்னன் மனம் குளிர்ந்தான். மறுநாள் காவலர் நாற்பதின்மருடன் கைது செய்ய வந்த ரைத்ஸ்லியைத் திட்டித் துரத்திவிட்டான்.

இதுவே அவளுடைய படைக்கலம்: சில பணிவான சொற்கள். இளைஞர்களாகிய உங்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆன் ஆஸ்க்யூ எரிந்து சாம்பலாகியும் வளையவில்லை. அரசி தன் அறிவைத் தானே தாழ்த்திப் பேசி உயிர் தப்பினாள். முன்னவள் வீராங்கனை, பின்னவள் கோழை என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அரசி உயிர் பிழைத்ததற்கு அவளுடைய சொல் மட்டும் காரணமன்று. சித்திரவதைப் பொறியில் கிடந்த மற்றொருத்தியின் மௌனமும் காரணம். ஆன் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், அரசி எவ்வளவு நயமாகப் பேசியும் பயனிருந்திராது. இக்கடனை அரசி எவ்வாறு தீர்த்தாள் என்று பாருங்கள். மன்னன் இறந்த அதே 1547-ஆம் ஆண்டில், அவன் உயிரோடிருந்தவரையில் வெளியிட இயலாதிருந்த தன் மற்றொரு நூலை அச்சேற்றினாள். அதில் தன் சீர்திருத்தக் கொள்கையை ஒளிவுமறைவின்றி எழுதினாள். அந்த இரவில் அவள் தலை குனிந்தாள், கொள்கையைக் கைவிடவில்லை.

வேறொரு விளைவும் உண்டு. தாயை இழந்து தந்தையால் ஒதுக்கப்பட்டிருந்த சிறுமி எலிசபெத்திடம் காதரின் அன்பு காட்டினாள். பதினோரு வயதில் அச்சிறுமி ஒரு பிரெஞ்சுக் கவிதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தன் கையால் பூவேலை செய்த உறையிட்டுச் சிற்றன்னைக்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தாள். மறு ஆண்டு சிற்றன்னையின் நூலையே இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெயர்த்துத் தந்தைக்குக் கொடுத்தாள். ஒரு பெண் நூல் எழுதலாம், நாடாளலாம் என்பதை அவள் ஏட்டில் படித்து அறியவில்லை. தன் கண்ணெதிரே கண்டாள். 1558-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய அவள் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தை ஆண்டாள்.

காதரின் அதைக் காண உயிரோடில்லை. மன்னனிடமிருந்து தப்பியவள் மறுமணம் புரிந்து, 1548 செப்டம்பர் 5-ஆம் நாள், பெண்மகவு ஈன்ற ஆறாம் நாள், ஜன்னி கண்டு இறந்தாள்.

திரைப்படம் அரசியின் கையில் கொலையைக் கொடுத்தது. நம் மனம் விரும்பும் முடிவு அது. ஆனால் கொடுங்கோலின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அத்தகைய முடிவு பெரும்பாலும் கிட்டுவதில்லை. ஒருத்தி வாய் திறவாமல் மாண்டாள். மற்றொருத்தி வாய் திறந்து பிழைத்தாள். அந்த மௌனமும் இந்தச் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. சரித்திரப் படம் எதைப் பார்த்தாலும், அரங்கை விட்டு வந்தபின் நூலகத்துக்கும் ஒருமுறை செல்லுங்கள். திரையில் இடம் பெறாத வீரம் அங்கே ஏடுகளில் காத்திருக்கும்.