மலைநாட்டுக் கழகங்களும் லீக் போட்டியும்

ஒரு கிண்ணத்தை முன்வைத்து இரண்டொரு நாள் ஆடிக் கலைவது எளிது. குறித்த நாளில், குறித்த மைதானத்தில், ஒவ்வொரு கழகமும் மற்றக் கழகங்கள் அனைத்தையும் சந்தித்தே தீரவேண்டும் என்று விதித்து, அதனை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுவது அத்துணை எளிதன்று. இந்த இரண்டாவது ஏற்பாட்டையே லீக் என்கின்றனர். அதில் ஒரு கழகம் நிலைத்து நிற்பதற்கு ஆட்டத்திறன் மட்டும் போதாது; ஆட்களும் பணமும் வற்றாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தொழின்முறைக் கூடைப்பந்து லீக் இதற்கு நல்ல உதாரணம். 1946ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி நியூயோர்க் நகரில் அது தோன்றியது. அதனைக் கூட்டியவர்களுட் பெரும்பாலோர் பனிக்கட்டி ஹொக்கிக்காகப் பேரரங்குகளை வைத்திருந்தவர்கள். ஹொக்கி இல்லாத இரவுகளில் வெறுமையாய்க் கிடந்த ஆசனங்களை நிரப்ப அவர்களுக்கு மற்றோர் ஆட்டம் தேவைப்பட்டது. 11 அணிகளுடன் தொடங்கிய லீக், 1949இல் எதிர்முகாமைத் தன்னுடன் இணைத்து 17 அணிகளாகப் பெருகிற்று. ஆயினும் ஷெபாய்கன், வாட்டர்லூ முதலிய சிற்றூர் அணிகள் ஒரே பருவத்துடன் விலகின. சில ஆண்டுகளில் எட்டு அணிகளே எஞ்சின. இன்று 30 அணிகள், அணிக்கு 82 ஆட்டங்கள் என அது தழைத்திருப்பது வேறு கதை.

இலங்கையின் தேயிலை மலைகளிலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. ஆட்டம் மட்டும் வேறு, அது றக்பி. ஆட்டத்துக்கென்று சம்பளமும் இல்லை. 1908ஆம் ஆண்டில் இலங்கை றக்பி ஒன்றியம் அமைந்தது. 1926இல் ஆளுநர் சர் ஹியூ கிளிபோர்டின் துணைவியார் ஒரு கிண்ணத்தை வழங்கினார். ஆரம்பத்தில் மலைநாட்டு அணியும் தாழ்நாட்டு அணியும் அதற்காகப் பொருதின. 1950 முதல் கழகங்களுக்கிடையிலான லீக்கின் பரிசாக அது மாறியது. கொழும்புக் கழகங்களுக்கு எதிரே டிக்கோயா, டிம்புள்ள, ஊவா, கண்டி எனும் மலைநாட்டுக் கழகங்கள் நின்றன. புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்திராவிட்டால், இத்தகைய போட்டி அட்டவணை ஒன்றைக் கனவுகாணவும் முடிந்திராது.

இக்கழகங்களின் ஆட்கள் யார்? ஒரு தோட்டத்துக்கு ஒரு பெரியதுரை, ஒன்றிரண்டு சின்னத்துரைமார். றக்பிக்குப் பதினைந்து பேர் வேண்டும். ஆகவே ஓர் அணியைச் சேர்க்கப் பல தோட்டங்களின் பங்களாக்களைத் திரட்டவேண்டியிருந்தது. அதே தோட்டங்களின் லயன்களில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இருந்தனர். அதிகாலைப் பெரட்டுக்கு வந்து, கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் ஏந்தி, செங்குத்தான மலையில் நாள்முழுதும் உழைத்த உடல்கள் அவை; றக்பிக்கு அவற்றினும் பொருத்தமானவை வேறெங்கே கிடைக்கும்? எனினும் துரைமார் கழகங்களில் அவர்களுக்கு இடமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டிலேயே அவர்களுக்கு இடமில்லை என்றது. கழகத்தின் கதவு அதற்கு நெடுங்காலம் முன்பே மூடியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் ஆங்கிலத் துரைமார் படிப்படியாகக் கப்பலேறினர். இலங்கையரான துரைமார் அவர்களது இடத்தில் நின்று ஊக்கமாகவே ஆடினர். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. கம்பனிகளின் பழைய அமைப்புக் குலைந்தது. பங்களாவை மட்டும் நம்பியிருந்த மலைநாட்டுக் கழகங்கள் நாளடைவில் முதற்றர லீக்கிலிருந்து மறைந்தன.

கண்டிக் கழகம் மட்டும் நின்றது. 1990கள் தொடங்கிப் பலமுறை வாகைசூடவும் செய்தது. அதன் பலம் நகரமும் பாடசாலைகளும். கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1906இலேயே தம்முள் றக்பி ஆடியவை. அங்கே பயின்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் கழகத்துக்கு வந்தவண்ணம் இருந்தனர். டிக்கோயாவைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பாடசாலைகள் இல்லாமலில்லை. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்புடன் முடியும் படிப்பு. ஓடியாட முற்றமும் அரிது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். அதற்குள் துரைமார் மைதானங்களில் லீக் ஆட்டம் ஓயத் தொடங்கியிருந்தது.