சிவப்புக் குச்சி பிறந்த கதை

உருண்டை, குச்சி, சுருள் என்று பாக்டீரியாவின் வடிவங்களைப் பள்ளியில் வரைந்திருப்போம். தேர்வு முடிந்தால் அதுவும் மறந்துவிடும். செங்கல்பட்டை ஒட்டிய திருமணிக்குப் போனால் அந்தப் படத்தின் மதிப்பு தெரியும். 1924ல் லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை 1955ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு, தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோய்க் கிருமியை இன்றுவரை ஆய்வகத் தட்டில் யாராலும் வளர்க்க முடியவில்லை. அதனால் பெரும்பாலும் ஸ்லைடில் பார்த்தே அதை அறிய வேண்டும்.

நார்வேயின் பெர்கன் நகரில் 1873ல் ஹான்சன் என்ற மருத்துவர் குச்சி வடிவிலான இந்தக் கிருமிகளைக் கண்டுபிடித்துவிட்டார். சாயமேற்றித் தெளிவாகக் காட்டத்தான் வழி தெரியாமல் தவித்தார். இன்று பயன்படும் வழி காசநோய்ப் பக்கமிருந்து வந்தது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது அந்த அவையில் பால் எர்லிக்கும் இருந்தார். உடனே சாய வேலையில் இறங்கினார். காயட்டும் என்று ஸ்லைடுகளை அணைந்த அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போனார், தெரியாமல் யாரோ அடுப்பை மூட்டிவிட்டார்கள், பார்த்தால் கிருமிகள் பளிச்சென்று தெரிந்தன என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பிறகு சீல் என்பவர் சாயத்தில் கார்பாலிக் அமிலத்தைச் சேர்த்தார். 1883ல் நீல்சன் என்பவர் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தைச் சேர்த்தார்.

சூடு ஏன் வேண்டும்? இந்த இரு நோய்க் கிருமிகளின் செல் சுவரிலும் மைக்கோலிக் அமிலம் மெழுகாகப் படிந்திருக்கிறது. இந்த முறையில் சுட்டால்தான் சாயம் உள்ளே இறங்கும். இறங்கியபின் அமிலம் ஊற்றினாலும் வெளியேறாது. மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

ஸ்லைடுக்கான சதைநீரைக் காது மடலில் எடுப்பார்கள். மடலை இரு விரலால் இறுகப் பிடித்து, ரத்தம் விலகி வெளுத்ததும் பிளேடால் 5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் ஆழம் கீறி, உள்விளிம்பைச் சுரண்டி ஸ்லைடில் தடவ வேண்டும். ரத்தம் கலக்கக் கூடாது. கார்பால் ஃபுக்சினை ஊற்றி அடியில் சுடர் காட்டினால் ஆவி எழ வேண்டும், ஆனால் கொதிக்கக் கூடாது. அமிலத்தில் அலசி, மெத்திலீன் நீலம் விட்டு, எண்ணெய்ச் சொட்டு வைத்து லென்ஸில் பார்த்தால், நீலத்தின் நடுவே சுருட்டுக் கட்டுபோல ஒட்டிக் கிடக்கும் சிவப்புக் குச்சிகள்.

அடுத்தது குச்சியின் நிலை. முழுநீளமும் சீராகச் சிவந்திருந்தால் அதற்கு உயிர் இருக்கலாம். துண்டு துண்டாகவோ மணி மணியாகவோ உடைந்திருந்தால் செத்துவிட்டது என்று கொள்வார்கள். மாணவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். எத்தனை நாளானாலும் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டிய இடமும் இதுதான் என்பேன். கூட்டு மருந்தை 12 மாதம் சாப்பிட்டு முடித்தவர் உடம்பிலிருந்தும் செத்த கிருமிகள் உடனே போய்விடுவதில்லை. ஸ்லைடில் கிருமியின் அளவை ‘பிளஸ்’ கணக்கில் சொல்வார்கள்; அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பிளஸ்தான் குறையும். 4 பிளஸோடு வந்தவருக்கு மருந்து முடிந்த பிறகும் சில ஆண்டுகள் சிவப்பு தெரியும். கிருமி இன்னும் இருக்கிறதாமே என்று வீட்டார் அவருக்குத் தனித் தட்டு வைத்தால், ஸ்லைடைப் பார்த்தவர்தான் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் குச்சிகள் உடைந்து கிடப்பதைச் சொல்ல வேண்டும்.