அம்புக்குறி போட்ட மணிக்கூடுகள்

பழைய ஹொலிவூட் படங்கள் பார்க்கிறவர்களுக்கு ‘டேர்ட்டி டசன்’ எண்டால் 1967 இல் வந்த ஒரு போர்ப்படம். பழைய மணிக்கூடு சேர்க்கிறவர்களுக்கோ அது இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்துக்காகப் பன்னிரண்டு கம்பனிகள் செய்த கைமணிக்கூடுகளின் பட்டப்பெயர். பன்னிரண்டையும் தேடிப்பிடித்துவிட்டால் பெரிய சாதனை. அந்த ஓட்டத்தில் எதைச் சேர்க்கிறோம் எண்ட கேள்வி தொலைந்து போகுது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

ஆண்கள் கையில் மணிக்கூடு கட்டுகிற பழக்கமே போரால் பரவியதுதான். அதற்கு முன் ஐரோப்பாவில் ஆம்பிளை எண்டால் சங்கிலி போட்ட பொக்கற் மணிக்கூடு. கையில் கட்டுவது பெண்களின் நகை. முதலாம் உலகப் போரின் அகழிகளில் அந்தக் கௌரவம் எடுபடவில்லை. பீரங்கிக் குண்டுகள் முன்னால் விழ, கொஞ்சத் தூரம் பின்னாலேயே காலாட்படை நடக்க வேணும். குண்டுவீச்சு எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு அடுத்த கோட்டுக்கு நகரும் எண்டது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அதிகாரியின்ர மணிக்கூடு ஒரு நிமிடம் முந்தினால் சொந்தப் பீரங்கியே தன் ஆட்களைக் கொல்லும். கையில் துவக்கோடு நிற்கிறவன் பொக்கற்றுக்குள் துழாவி நேரம் பார்க்க ஏலுமோ?

இரண்டாம் போரில் பிரித்தானியா சுவிற்சர்லாந்து மணிக்கூடுகளை நம்பவேண்டி வந்தது. கறுப்பு முகம், வெள்ளை இலக்கம், ஆறு மணி இடத்தில் சின்னதாய் ஒரு செக்கன் முள், தண்ணி புகாத கூடு, நொறுங்காத கண்ணாடி. அரச சொத்து எண்டதைக் காட்ட அம்புக்குறி. முதுகில் மூன்று ‘டபிள்யூ’. இணையத்துக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தண்ணி புகாத கைமணிக்கூடு எண்டதின் ஆங்கிலச் சுருக்கம்.

ஒமேகா 25,000 அளவில் செய்தது. கிரானா செய்தது அதில் ஒரு சிறு பங்குதான், அதனால் அதன் விலை எங்கேயோ நிற்குது. ஆனால் இந்த மணிக்கூடுகளில் பெரும்பாலானவை கையளிக்கப்பட்டதே 1945 இல். அந்த வருடம் மே மாதத்தோடு ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது.

ஆக, இவற்றின் நீண்ட வாழ்க்கை போருக்குப் பிந்தியது. இராணுவப் பட்டறைகளில் கழற்றிப் பூட்டி, பாகம் மாற்றிப் பாவித்தார்கள். இருட்டில் ஒளிர முதலில் பூசியிருந்தது ரேடியம்; பிறகு பலவற்றுக்கு அந்த முகத்தைக் கழற்றிவிட்டு, ஆபத்துக் குறைந்த ட்ரிற்றியம் பூசிய முகம் போட்டார்கள். முகம் மாறியிருந்தால் சேகரிப்பாளர் மத்தியில் விலை விழுந்துவிடும். எங்களுக்கு மாறித்தான் தெரியுது. மாற்றிய முகம் எண்டால் அந்த மணிக்கூடு யாரோ ஒருவரின் கையில் வேலை செய்திருக்குது எண்டு அர்த்தம்.

‘ஒரிஜினல்’ எண்டு தேடுகிறவர் தேடுவது அந்த ரேடியத்தையும் சேர்த்துத்தான். முதலாம் போர்க் காலத்தில் இருந்து ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இதே பூச்சைப் பூசிய இளம் பெண்களுக்கு, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பலர் தாடை எலும்பு உக்கிச் செத்தார்கள். ஐந்து பேர் கம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டு 1928 இல் இழப்பீடு பெற்றார்கள். ஏலப் பட்டியல்களில் பளபளக்கிற படங்களுக்குக் கீழே இவர்களுக்கு இடமில்லை. பழைய முகங்கள் இப்ப ஒளிர்வதில்லை, ஒளியைத் தந்த மற்றப் பொருள் தேய்ந்துவிட்டது. ரேடியம் அங்கேயேதான் இருக்கு. அது பாதியாகக் குறையவே 1,600 வருடம் வேணும். எங்கேயாவது ஒண்டு கிடைத்தால் மூடியைத் திறந்து சுரண்டிப் பார்க்காதேங்கோ.

இந்தப் பன்னிரண்டு வகையில் யார் எதைக் கட்டினார் எண்டது அனேகமாகத் தெரியாது. இலக்கம் உண்டு, பெயர் இல்லை. பெயரோடு வந்த போர்க்கால மணிக்கூடுகளும் இருக்கு, ஆனால் அவை அரசு கொடுத்தவை அல்ல. ஜேர்மனியரிடம் பிடிபட்டிருந்த பிரித்தானியக் கைதிகளுக்கு, காசைப் போர் முடிந்த பிறகு தந்தால் போதும் எண்டு ரொலெக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் முகாமுக்கே மணிக்கூடு அனுப்பினார். ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு கோப்ரல் 1943 இல் அப்படி ஒண்டைக் கடிதம் எழுதி எடுப்பித்தார். கடிதங்களையும் அவர் எறியவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மணிக்கூடும் கடிதங்களும் சேர்ந்தே ஏலத்துக்கு வந்தன.