வேலைக்கு வா, குடியேற வராதே: மவுண்ட் லாரல் வழக்கின் கதை

வேலை செய்ய வரலாம், குடியிருக்க வரக்கூடாது. இதை ஒரு சட்டமாக எழுதச் சொன்னால் எப்படி எழுதுவீர்கள்? சாதி, நிறம், ஏழை என்ற எந்தச் சொல்லும் அதில் இருக்கக்கூடாது. நீதிமன்றத்தில் கேட்டால் சாக்கடை, போக்குவரத்து, பள்ளிச் செலவு என்று பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் ஊரையும் சேரியையும் பிரிக்க யாரும் அரசிதழ் வெளியிட வேண்டியிருக்கவில்லை. வழக்கமே சட்டமாக நின்றது. வயலுக்கு ஆள் வேண்டும், அந்த ஆளின் வீடு மட்டும் கண்ணில் படக்கூடாது. அமெரிக்க நகரங்கள் இதை எழுத்தில் வைத்தன. எழுத்தில் இருந்ததால் வழக்காயிற்று. வழக்கானதால் இந்தப் பிரிவினையின் உள்வேலைப்பாடு ஆவணமாக நமக்குக் கிடைக்கிறது. நியூ ஜெர்சி மாநிலத்தின் மவுண்ட் லாரல் என்ற ஊரின் வழக்கை நாம் விரிவாகப் பேசுவது அதற்காகத்தான்.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1910இல் பால்டிமோர் நகரம் பச்சையாகவே சட்டம் போட்டது. வெள்ளையர் அதிகம் வாழும் தெருவில் கறுப்பர் குடியேறக்கூடாது, கறுப்பர் அதிகம் வாழும் தெருவில் வெள்ளையர் குடியேறக்கூடாது. 1914இல் கென்டக்கியின் லூயிவில் நகரமும் அப்படியே செய்தது. அந்தச் சட்டத்தை உடைக்க வில்லியம் வார்லி என்ற கறுப்பின இயக்கத்தவரும் புக்கானன் என்ற வெள்ளை மனை வியாபாரியும் ஒரு கிரய ஒப்பந்தம் செய்துகொண்டு நீதிமன்றம் போனார்கள். 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. கொண்டாட வேண்டிய தீர்ப்புதான். ஆனால் காரணத்தைப் பாருங்கள். புக்கானன் தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமையை நகராட்சி பறிக்கிறது என்பதே தீர்ப்பின் அடித்தளம். வாங்கவந்த கறுப்பரின் மானமல்ல, விற்கவந்தவரின் சொத்தே காப்பாற்றப்பட்டது.

நகராட்சி எழுத முடியாததை இனி வீடு கட்டி விற்பவர்கள் எழுதினார்கள். கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை: இந்த மனையைக் கறுப்பருக்கு விற்கக்கூடாது. அத்தகைய நிபந்தனையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று 1948இல் ஷெல்லி வழக்கில்தான் தீர்ப்பு வந்தது. (நம் உச்ச நீதிமன்றம் 2005இல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற சங்க விதி செல்லும் என்றது. சங்கம் சேரும் சுதந்திரமாம்.)

இதற்கிடையில், நிறத்தைப் பேசாத வேறொரு கருவி தயாராகிவிட்டது. நிலப் பயன்பாட்டு விதி, அதாவது சோனிங். கிளீவ்லாந்துக்கு அருகிலுள்ள யூக்ளிட் என்ற சிற்றூர், எந்த நிலத்தில் ஆலை, எந்த நிலத்தில் தனி வீடு, எந்த நிலத்தில் அடுக்ககம் என்று வகுத்தது. தன் நிலத்தின் மதிப்பு போய்விட்டதென்று ஆம்ப்ளர் என்ற ரியல் எஸ்டேட் கம்பெனி வழக்குப் போட்டது. மக்களை வருமானப்படி பிரித்து வைப்பதுதான் இந்த விதியின் விளைவு என்று கீழ் நீதிமன்ற நீதிபதி வெளிப்படையாகவே எழுதினார். உச்ச நீதிமன்றம் 1926இல் அவர் தீர்ப்பைத் தள்ளி, விதி செல்லும் என்றது. தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்ககத்தை ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டது அந்தத் தீர்ப்பு. அடுக்ககத்தில் வாடகைக்கு இருப்பவர் யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

மவுண்ட் லாரலுக்கு வருவோம். பிலடெல்பியாவும் கேம்டனும் பக்கத்தில். 22 சதுர மைல் பரப்பு. 1950இல் 2,817 பேர் மட்டுமே வாழ்ந்த விவசாய ஊர். 1970இல் மக்கள்தொகை 11,221 ஆகிவிட்டது. நெடுஞ்சாலைகள் வந்தன, பில்டர்கள் வந்தார்கள், நகரத்தை விட்டு வெளியேறிய வெள்ளைக் குடும்பங்கள் வந்தன. ஆனால் அந்த ஊரில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏற்கெனவே வாழ்ந்துவந்தார்கள். எதல் லாரன்ஸ் என்ற பெண்மணியின் குடும்பம் ஆறு தலைமுறையாக அங்கே. பழைய வீடுகளும், வீடாக மாற்றிய கோழிக்கொட்டகைகளும்தான் ஏழைகளின் குடியிருப்பு. அவை வாழத் தகுதியற்றவை என்று ஊர் நிர்வாகம் மூடச் சொன்னது. மாற்று வீடு தரவில்லை. பிள்ளைகள் கேம்டனின் நெருக்கடிக்குள் போக வேண்டியதுதான்.

ஸ்பிரிங்வில் பகுதி மக்கள் சேர்ந்து 36 சிறிய அடுக்கக வீடுகள் கட்டத் திட்டம் போட்டார்கள். முப்பத்தாறே முப்பத்தாறு. விதியில் அடுக்ககத்துக்கு இடமில்லை என்று மறுக்கப்பட்டது. 1970இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பின மக்களின் தேவாலயத்துக்கு மேயர் நேரில் வந்து பதில் சொன்னார்: இந்த ஊரில் வாழ வசதி இல்லாதவர்கள் வெளியேறத்தான் வேண்டும். ஆறு தலைமுறை உட்கார்ந்திருந்த பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று சொன்னார்.

விதியை விரித்துப் பார்த்தால்தான் அதன் சூட்சுமம் தெரியும். ஊரின் நிலத்தில் 29.2 விழுக்காடு, 4,121 ஏக்கர், தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் உண்மையில் தொழில் நடந்தது சுமார் 100 ஏக்கரில். மற்றது காலியாகவே கிடந்தாலும் வீடு கட்ட அனுமதி இல்லை. குடியிருப்பு மண்டலங்களில் தனி வீடு மட்டும். ஒரு மனைக்கு ஒரு வீடு. வரிசை வீடு கிடையாது, வண்டி வீடு கிடையாது. பெரிய பில்டர்களுக்குப் பின்னர் அடுக்ககம் கட்டத் தனி அனுமதி கொடுத்தபோது வந்த நிபந்தனையைக் கேளுங்கள். ஒரு படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுக் குழந்தை இருக்கக்கூடாது. இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டு குழந்தைக்கு மேல் கூடாது. வீட்டுக்குச் சராசரி 0.3 குழந்தைக்கு மேல் உள்ளூர்ப் பள்ளிக்கு வந்தால் கூடுதல் குழந்தைகளின் படிப்புச் செலவைப் பில்டரே கட்ட வேண்டும்.

குழந்தை மேல் ஏன் இவ்வளவு பயம்? அங்கே பள்ளிக்கூடம் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரியில் நடக்கிறது. தொழிற்சாலை வரி தரும், பிள்ளை பெறாது. தொழிலாளி குறைந்த வரி தருவார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். ஆகவே ஆலை வேண்டும், ஆலைக்காரர் குடும்பம் வேண்டாம். இதில் தனிமனிதர் யாருக்கும் வெறுப்பு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கணக்கே பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு முதலாளிகளையும் தொட்டது. அதே மாநிலத்தில் மாவா என்ற ஊரில் 1955 முதல் ஃபோர்டு கார் ஆலை இயங்கியது. ஆலை வரியை ஊர் வாங்கிக்கொண்டது. விதிப்படி கட்டிய வீடுகளை வாங்க அந்த ஆலையின் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. நெவார்க் போன்ற நகரங்களிலிருந்து தினமும் தொலைவு கடந்து வந்தார்கள். அதனால் வாகனத் தொழிலாளர் சங்கமே நில விதிக்கு எதிராகக் களமிறங்கியது. சம்பள உயர்வுக்குக் கொடி பிடிக்கும் சங்கம் வீட்டுமனை விதிக்கும் கொடி பிடித்தது. நம் தொழிற்சங்கங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. மாவா வழக்கு கடைசியில் மவுண்ட் லாரல் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டு 1983இல்தான் தீர்ப்பானது. ஃபோர்டு ஆலை 1980லேயே மூடப்பட்டுவிட்டது.

மவுண்ட் லாரல் வழக்கு 1971இல் தொடங்கியது. நடத்தியவர்கள் கேம்டனின் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள். 1975 மார்ச் 24 அன்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஃபிரெடரிக் ஹால் தீர்ப்பு எழுதினார். நிலத்தை வகுக்கும் அதிகாரம் மாநிலம் தந்தது; அது எல்லா மக்களின் நலனுக்கும் பயன்பட வேண்டும்; வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் தன் வட்டாரத்தின் எளிய மக்களுக்கான வீடுகளில் நியாயமான பங்கை ஏற்க வேண்டும். மாநில அரசமைப்பின் மேல் எழுதப்பட்டதால்தான் அது நின்றது. அதே ஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநிலத்தின் பென்ஃபீல்டு ஊருக்கு எதிராக இதே மாதிரி வந்தவர்களை, வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது.

ஹால் ஒரு முடிவு எடுத்தார். வழக்கைக் கறுப்பின மக்களின் வழக்காக அல்லாமல், குறைந்த வருமானமுள்ள எல்லோரின் வழக்காகப் பார்த்தார். தீர்ப்பு அகலமாயிற்று. நிறம் அதிலிருந்து நழுவிவிட்டது. பொருளாதார அளவுகோல் வந்தால் போதும், சாதியைப் பேச வேண்டாம் என்று நம்மிடம் சொல்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பணிந்து மவுண்ட் லாரல் என்ன செய்தது? மூன்று துண்டாக மொத்தம் 20 ஏக்கர் ஒதுக்கியது. ஊர் நிலத்தில் கால் விழுக்காடுகூட இல்லை. எட்டு ஆண்டில் எளியவருக்கு ஒரு வீடும் எழவில்லை. 1983 ஜனவரியில் தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் பொறுமை இழந்து இரண்டாம் தீர்ப்பை எழுதினார். அதில்தான் பில்டர்களுக்கு ஆயுதம் கிடைத்தது. விதி விலக்கி வைக்கிறது என்று ஒரு பில்டர் வழக்குப் போட்டு வென்றால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டை எளியவருக்குக் கட்டச் சம்மதித்தால், நீதிமன்றமே கட்டட அனுமதி கொடுக்கச் சொல்லும்.

எதல் லாரன்ஸுக்கு 12 ஆண்டு திறக்காத கதவு, லாபக் கணக்கோடு வந்தவருக்குச் சட்டென்று திறந்தது. வழக்குகள் குவிந்தன. 1917இல் புக்கானனின் சொத்துரிமை மீது ஏறித்தான் வார்லியின் உரிமை உள்ளே போனது. இங்கே நான்கு சந்தை வீடுகள் மீது ஏறி ஒரு எளியவர் வீடு போனது. நாம் இதைக் குறை சொல்லி ஒதுக்கவில்லை. அந்த ஒரு வீடு உண்மையில் கட்டப்பட்டது. வெறும் தீர்ப்பில் எட்டு ஆண்டு எதுவும் கட்டப்படவில்லை.

ஊர்கள் கொதித்தன. 1985இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி விவகாரத்தை ஒரு வாரியத்திடம் ஒப்படைத்தது. அதிலேயே ஒரு சந்தும் வைத்தது: ஒரு ஊர் தன் பங்கில் பாதிவரை வேறு ஊருக்குப் பணம் கொடுத்துத் தள்ளிவிடலாம். பணக்காரப் புறநகர்கள் பணம் கட்டின, ஏழை நகரங்கள் பெற்றுக்கொண்டன. யாரும் இடம் மாறவில்லை. சேரியைப் பழுதுபார்க்கக் காசு தருகிறோம், ஊருக்குள் மட்டும் வராதீர்கள் என்ற அதே பேச்சு. 2008இல்தான் அந்தச் சந்து அடைக்கப்பட்டது.

எதல் லாரன்ஸ் 1994இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பு மவுண்ட் லாரலில் 2000ஆம் ஆண்டு திறந்தது. 36 வீடு கேட்டு 30 ஆண்டு கழித்து, இரண்டு கட்டமாக 140 வீடுகள். அனுமதிக் கூட்டங்களில் குற்றம் பெருகும், வீட்டு மதிப்பு விழும், வரி ஏறும் என்று அக்கம்பக்கத்தார் கத்தினார்கள். டக்ளஸ் மாஸி தலைமையில் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அதையே அளந்து பார்த்து 2013இல் புத்தகம் வெளியிட்டார்கள். மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை.

2015இல் வாரியம் செயலிழந்துவிட்டதென்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் பொறுப்பைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 2024இல் புதிய சட்டம் வந்து, வாரியத்தை ஒழித்து, ஒவ்வொரு ஊரின் பங்கையும் கணக்கிட வழி செய்தது. அதே ஆண்டு, மான்ட்வேல் என்ற ஊரின் தலைமையில் பல ஊர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போயின.