இந்திய ரக்பியில் அயல்நாட்டு வீரர்கள்: அணிச்சேர்ப்பு விதிகளின் வரலாறு

ரக்பி ஆங்கிலேயர் வழியாக இந்தியாவுக்கு வந்த ஆட்டம். 1873-ல் தொடங்கிய கல்கத்தா மன்றம் 1878-ல் கலைந்தபோது, கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அதற்காக மோதுகின்றன. அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் அயலாரே. ஆகவே அயல்நாட்டு வீரர் யார் என்ற கேள்வியே எழவில்லை.

தேசிய அணி உருவான பின்னர் அக்கேள்வி முக்கியமானது. உலக ரக்பி அமைப்பின் விதிப்படி ஒருவர் பிறப்பால், பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியின் பிறப்பால், தொடர்ந்து 60 மாதம் வசிப்பதால் ஒரு நாட்டுக்கு ஆடலாம். 2021 இறுதி வரை வசிப்புக் காலம் 36 மாதமாக இருந்தது. இந்திய அரசோ, இந்தியக் கடவுச்சீட்டு உடையவரே நாட்டுக்கு ஆடலாம் என்று 2008-ல் முடிவெடுத்தது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு அதனால் வழி அடைபட்டது.

தொழில்முறைப் போட்டியில் நிலைமை வேறு. 2025 ஜூனில் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் ஆறு அணிகள் ஆடின. எழுவர் ஆட்டமான அதில் ஓர் அணிக்கு 13 பேர். ஐவர் முன்னணி நாடுகளின் வீரர்கள், மூவர் கனடா, ஜெர்மனி, ஹாங்காங் போன்ற இடைநிலை நாடுகளைச் சேர்ந்தவர்கள், ஐவர் இந்தியர். இந்தியர்களுக்கு ஒதுக்கீடு இல்லையென்றால், வெற்றியை மட்டும் நோக்கும் அணிகள் உள்ளூர் வீரர்களை எளிதில் ஒதுக்கிவிடும். முதல் பட்டத்தைச் சென்னை புல்ஸ் வென்றது. ஆயினும் இந்தியருக்கு மொத்தம் 30 இடங்களே கிடைத்தன. அவ்விடங்கள் பெருகுவதைப் பொறுத்தே இவ்விதியின் பயன் அமையும்.